12 வயது நாய், அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறாள்: இன்று இரவு எதைக் கவனிக்க வேண்டும்?

தூங்காதவள் | முதல் நாள், இரவு 10.50

பொன்னிக்கு 12 வயது, 21 கிலோ. நேற்று மதியம் கருப்பையில் சீழ் கட்டியிருப்பது ஸ்கேனில் தெரிந்தது. தள்ளிப்போட நேரமில்லை என்று சொல்லி மாலையிலேயே கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். இன்று மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

வந்ததிலிருந்து முனகிக்கொண்டே இருக்கிறாள். கண் பாதி திறந்திருக்கிறது, ஆனால் என்னைத்தான் பார்க்கிறாளா என்று தெரியவில்லை. படுக்கிறாள், உடனே எழுகிறாள், நாலு அடி தள்ளாடி நடக்கிறாள். தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிய கூம்பு நாற்காலிக் காலில் இடித்ததும் அப்படியே நின்றுவிடுகிறாள். பின்னங்கால் நடுங்குகிறது. சாப்பாட்டை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னும் சிறுநீர் போகவில்லை. வலிக்கு மாலை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியிலேயே ஊசி போட்டுவிட்டார்கள், மாத்திரை நாளைக் காலையிலிருந்துதான்.

இதில் எது மயக்க மருந்தின் வேலை, எது வலி, எது ஆபத்து? எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. கொடுத்த தாளில் "ஓய்வு, தையல் நனையக் கூடாது, 12 நாள் கழித்து வரவும்" என்று மூன்று வரிதான் இருக்கிறது. இதை அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

ஊசிமருந்து | இரவு 11.05

கால்நடை ஆஸ்பத்திரியில் உதவியாளராக ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். முதலில் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். அவளுடைய மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்கிறதா? விரலால் ஒரு நொடி அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுக்கும், இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பிவிட வேண்டும். ஈறு முழுக்கக் கறுப்பு என்றால் கீழ் இமையை மெல்ல இழுத்து உள்பக்கம் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

தூங்காதவள் | இரவு 11.12

ஈறில் பாதி கறுப்பு. முன்பல்லுக்கு மேலே மட்டும் சிவப்பாக ஓர் இடம் இருக்கிறது. அங்கே அழுத்தினேன். வெளுத்தது, நான் "ஒன்று" என்று எண்ணி முடிப்பதற்குள் பழையபடி சிவந்துவிட்டது.

ஊசிமருந்து | இரவு 11.30

நல்லது. இந்த இரவில் எனக்கிருந்த பெரிய பயம் உள்ளே ரத்தம் கசிவதுதான். அப்படிக் கசிந்தால் ஈறு வெளிறும், வயிறு உப்பும், எழுந்திருக்கவே மாட்டாள். இனி விடியும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஈறைப் பாருங்கள். காகிதம் போல வெளுத்தாலோ, கூப்பிட்டால் தலை தூக்கவில்லை என்றாலோ, காயத்திலிருந்து சொட்டுச் சொட்டாக ரத்தம் நிற்காமல் வந்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். அவசரப் பிரிவுக்குக் கிளம்பிவிடுங்கள்.

முனகல், தள்ளாட்டம், கண் பாதி மூடியிருப்பது எல்லாம் முதல் இரவில் நாங்கள் தினமும் பார்ப்பதுதான். மயக்க மருந்தும் வலி ஊசியும் முழுதாக இறங்கும்வரை தான் எங்கே இருக்கிறோம் என்றே சில நாய்களுக்குப் புரியாது. வயதான உடம்பில் ஈரலும் சிறுநீரகமும் மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றும், அதனால் ஒரு நாளில் தெளிய வேண்டியது இரண்டு நாளாகலாம். இரண்டு நாள் லேசான இருமல்கூட வரலாம். தொண்டைக்குள் குழாய் விட்டிருப்பார்கள், அந்த எரிச்சல்தான்.

நடுங்குவதற்குக் குளிரும் ஒரு காரணம். மயக்கத்துக்குப் பிறகு உடம்புச் சூட்டை அவளால் சரியாகப் பிடித்துவைக்க முடியாது, வயிற்று முடியையும் மழித்திருப்பார்கள். மெல்லிய போர்வையை முதுகில் போடுங்கள். சூடேற்றும் மெத்தை, சுடுதண்ணீர்ப் பை வேண்டாம். அரை மயக்கத்தில் இருப்பவளுக்குச் சுட்டாலும் நகரத் தெரியாது.

வலி என்றால் வேறு மாதிரி இருக்கும். சும்மா இருக்கும்போதே வேகமாக மூச்சு வாங்கும். முதுகை வளைத்து, வயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். காயத்துக்குப் பக்கத்தில் கை போனால் உறுமுவாள், அல்லது திரும்பித் திரும்பி அந்த இடத்தையே பார்ப்பாள். பேசி, தலையைத் தடவினால் கொஞ்சமாவது அடங்குகிறாள் என்றால் பெரும்பாலும் குழப்பம்தான். எதற்கும் அடங்காமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் ஆஸ்பத்திரிக்கு போன் செய்து கேளுங்கள். இதற்கெல்லாமா போன் செய்வது என்று தயங்க வேண்டாம், எங்களுக்கு அது வேலை.

சாப்பாட்டை இன்று வற்புறுத்தாதீர்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். மொத்தமாகக் குடித்தால் வாந்தி எடுப்பாள், வாந்தி எடுத்தால் வயிறு இறுகும்.

நெடுஞ்சாலை | இரவு 11.48

நடு இரவில் ரொம்ப முனகினால் அரைப் பாரசிட்டமால் கொடுத்துப் பாருங்கள். எங்கள் நாய்க்குக் கால் வீங்கியபோது கொடுத்தோம், ஒன்றும் ஆகவில்லை.

ஊசிமருந்து | இரவு 11.53

தயவு செய்து கொடுக்காதீர்கள். நெடுஞ்சாலை, நல்லெண்ணத்தில்தான் சொல்கிறீர்கள் என்று தெரிகிறது, ஆனால் இதை நான் அழுத்திச் சொல்லியாக வேண்டும். பாரசிட்டமால் அளவு மீறினால் நாயின் ஈரல் கெடும், ரத்தத்தின் சிவப்பணுவும் கெடும். ஐபுப்ரோஃபென் குடலில் புண் போடும், சிறுநீரகத்தை அடிக்கும். அதிலும் பொன்னிக்கு ஏற்கெனவே வலி ஊசி உள்ளே இருக்கிறது. இரண்டு வலி மருந்து ஒன்று சேர்ந்தால் நேற்று பிழைத்த சிறுநீரகம் நாளைக்குப் போய்விடக்கூடும். மனிதருக்கான மருந்தில் எதையும், அரை மாத்திரை என்றாலும், அவளைப் பார்க்கும் டாக்டர் எடைக்குக் கணக்குப் போட்டுச் சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

கபாபென்டின் என்ற வலி மருந்தை எழுதிக் கொடுத்தார்கள் என்றால் இன்னும் ஒன்று. மனிதருக்கு வரும் சிரப்பில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கலாம், அது நாய்க்கு விஷம். மாத்திரையாகவோ கேப்சூலாகவோ கேட்டு வாங்குங்கள்.

நெடுஞ்சாலை | நள்ளிரவு 12.10

எனக்கு இது தெரியாது. சொன்னதற்கு நன்றி. யாரும் நான் எழுதியதைப் பார்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

தூங்காதவள் | இரண்டாம் நாள், காலை 7.20

விடிந்துவிட்டது. மூன்று மணிவரை முனகினாள். அப்புறம் என் முழங்கால் மேல் கூம்பைச் சாய்த்துக்கொண்டு தூங்கினாள். கூம்புக்குள் அவள் மூச்சு பட்டுப் பட்டு ஒரு பக்கம் ஆவி படிந்து, காய்ந்து, மறுபடி படிந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தரைக்கு வெளியே கூட்டிப் போனேன். எப்போதும் போகும் மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்திய பிறகு நீளமாகச் சிறுநீர் போனாள். அவ்வளவு நிம்மதி எனக்கு. சாப்பாடு இன்னும் தொடவில்லை. மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சாப்பிடாத நாய்க்கு எப்படிக் கொடுப்பது?

சாம்பல்மூக்கு | காலை 8.05

மரத்தடிக்குக் கூட்டிப் போனீர்களே, அது சரியான காரியம். கூம்பு மாட்டிய நாய்க்கு இடமும் மாறிவிட்டால் அடக்கிக்கொண்டே இருக்கும். ட்ரிப்ஸ் ஏறிய உடம்பு, நிறையப் போகும். ஒரு நாள் முழுக்கப் போகவில்லை என்றால்தான் டாக்டர் பார்க்க வேண்டும்.

என் கிழவன் டைகருக்கு 13 வயதில் மண்ணீரல் எடுத்தார்கள். அவனும் இப்படித்தான் இரண்டு நாள் முகத்தைத் திருப்பினான். நான் கண்ட வழி: சாப்பாட்டைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். வயதான நாய்க்கு மூக்கு மங்கியிருக்கும், சூடானால் வாசனை எழும்பும். கிண்ணத்தைத் தரையில் வைக்காமல் மார்பு உயரத்துக்கு ஒரு முக்காலியில் வையுங்கள். குனிந்தால் வயிற்றுத் தையல் இழுக்கும், கூம்பு விளிம்பும் தரையில் முட்டும். சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் கூம்பைக் கழற்றுங்கள், நீங்கள் எதிரே உட்கார்ந்திருந்தால். எழுந்து போவதென்றால் மாட்டிவிட்டுப் போங்கள். டைகர் இரண்டு தையலைப் பிரிக்க எடுத்துக்கொண்ட நேரம், நான் கதவைத் திறந்து ஒருவருக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பிய நேரம்தான்.

மாத்திரைக்கு: அவளுக்குப் பிடித்ததில் மூன்று சின்ன உருண்டை பிடியுங்கள். முதல் உருண்டையில் ஒன்றும் வேண்டாம். இரண்டாவதில் மாத்திரை. அதை வாயில் வாங்கும்போதே மூன்றாவது கண்ணுக்கு முன்னால் தெரிய வேண்டும். அதற்கு ஆசைப்பட்டு இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடுவாள். மாத்திரையைப் பொடிப்பதற்கு முன் டாக்டரிடம் கேளுங்கள், சிலவற்றைப் பொடிக்கக் கூடாது.

அப்புறம் ஒரு நோட்டு போடுங்கள். எத்தனை மணிக்கு எந்த மாத்திரை, எவ்வளவு சாப்பிட்டாள், சிறுநீர், மலம், தூங்கும்போது மூச்சு எத்தனை. தூக்கத்தில் மார்பு ஒரு முறை ஏறி இறங்கினால் ஒன்று. 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30க்குக் கீழே இருக்க வேண்டும். ஆனால் எனக்கு அந்த 30ஐ விட அவளுடைய வழக்கமான எண்தான் முக்கியம். டைகருக்கு எப்போதும் 18. ஒரு ராத்திரி 27 வந்தது. புத்தகப்படி அது சரிதான், ஆனால் என் நோட்டில் பத்து நாளாக 18 என்று எழுதியிருந்தது. போன் செய்தேன், கூட்டி வரச் சொன்னார்கள், நிமோனியா தொடங்கியிருந்தது. சீக்கிரம் பிடித்ததால் பிழைத்தான்.

தூங்காதவள் | காலை 9.40

மூன்று உருண்டை வேலை செய்தது! நான்காவதும் கேட்டாள். மூச்சு இப்போது 22. நோட்டில் முதல் வரி எழுதிவிட்டேன்.

மூன்றாம்மாடி | மதியம் 1.15

21 கிலோவை எப்படித் தூக்குகிறீர்கள் என்று கேட்கத் தோன்றியது, ஏனென்றால் இதில் நான் தப்பு செய்தேன். பின்னங்கால் பலமில்லாத நாய்க்கு வயிற்றுக்குக் கீழே துண்டைக் கொடுத்துத் தாங்கச் சொல்வார்கள். இடுப்பு, முழங்கால் ஆபரேஷனுக்கு அது சரி. வயிற்றில் தையல் இருக்கும் நாய்க்கு அந்தத் துண்டு நேராகக் காயத்தின் மேலேயே அழுத்தும். எங்கள் கிழவி ஒரு சத்தம் போட்டாள், இன்னும் காதில் இருக்கிறது.

ஒரு கையை முன்மார்புக்கு முன்னால் சுற்றிக் கொடுங்கள், இன்னொரு கையைத் தொடைகளுக்குப் பின்னால். இரண்டு கைக்கும் நடுவில் அவளை உங்கள் உடம்போடு சேர்த்து அணைத்துத் தூக்குங்கள். முதுகு நேராக இருக்க வேண்டும், வயிறு தொங்கக் கூடாது. இரண்டு பேர் இருந்தால் போர்வையை ஸ்ட்ரெச்சர் மாதிரி பிடித்துக்கொள்ளலாம். படியில் அவளாக ஏறி இறங்க விடாதீர்கள்.

தரை வழவழப்பாக இருந்தால் படுக்கையிலிருந்து தண்ணீர்வரைக்கும், வாசல்வரைக்கும் ரப்பர் பாய் போட்டு ஒரு பாதை செய்யுங்கள். வழுக்கும்போது நாய் வயிற்றை இறுக்கிக் காலை அகட்டும், அந்த இழுப்பு முழுக்கத் தையலுக்குப் போகும். பாதத்துக்கு அடியில் விரல் இடுக்கில் முடி வளர்ந்திருந்தால் வெட்டிவிடுங்கள், பிடிமானம் கிடைக்கும்.

தூங்காதவள் | நான்காம் நாள், மாலை 6.30

நோட்டிலிருந்து: சாப்பாடு வழக்கத்தில் பாதி. மலம் இன்றுதான் போனாள், மூன்று நாளாக இல்லாமல் பயந்துகொண்டிருந்தேன். தூக்கத்தில் மூச்சு 20, 22, 20. காயத்தின் ஓரம் கொஞ்சம் கருநீலமாக இருக்கிறது. நீர் வடியவில்லை, நாற்றம் இல்லை.

ஊசிமருந்து | மாலை 7.10

மலம் மூன்று நான்கு நாள் தள்ளிப்போவது சாதாரணம். ஆபரேஷனுக்காக வெறும் வயிறு, பிறகு அரை வயிறு, கூடவே வலி மருந்து. எதுவும் உள்ளே போகாமல் எதுவும் வராது. நிறம் மட்டும் பாருங்கள். தார் மாதிரி கறுப்பாக இருந்தால் வலி மாத்திரை குடலைப் புண்ணாக்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே கூப்பிட வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி என்றாலும் அதேதான்.

காயத்தைக் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை அதே விளக்கு வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். அளவு தெரிய ஒரு நாணயத்தைப் பக்கத்தில் பிடியுங்கள், காயத்தின் மேல் படாமல். கருநீலம் மெல்ல மெல்லப் பச்சை மஞ்சளாகி மறையும். சிவப்பு பரவினால், தொட்டால் சுட்டால், மஞ்சளாகவோ பச்சையாகவோ கசிந்தால், காயத்தின் ஓரங்கள் பிரிந்து இடைவெளி தெரிந்தால் காட்டுங்கள். காயத்தில் எதையும் பூசாதீர்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்துச் சுத்தமாகிறது என்று நினைப்பார்கள், அது புதிதாக வளரும் சதையையும் சேர்த்து அரிக்கிறது.

காய்ச்சல் பார்க்க மூக்கு ஈரத்தை நம்ப வேண்டாம். டிஜிட்டல் தெர்மாமீட்டரில் கொஞ்சம் வாசலின் தடவி ஆசனவாயில் வையுங்கள். நாயின் சாதாரணச் சூடே 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 39.4க்கு மேல் போனால் போன் செய்யுங்கள்.

வெயில்மரம் | இரவு 9.00

இதைக் கேட்பதற்கு மன்னியுங்கள். 12 வயதில் இவ்வளவு கஷ்டம் கொடுப்பது அவளுக்காகவா, நமக்காகவா? என் நாய்ப் பையனுக்கு 14 வயதில் கட்டி வந்தபோது நான் அறுவை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வலி தெரியாமல் பார்த்துக்கொண்டேன், இரண்டு மாதம் என் பக்கத்தில் இருந்தான். இன்றுவரை அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

தூங்காதவள் | இரவு 9.45

கேட்டது தப்பில்லை. அந்த மதியம் டாக்டரிடம் நானும் இதைத்தான் கேட்டேன். சீழ் நிறைந்த கருப்பையை உள்ளே விட்டால் விஷம் ரத்தத்தில் ஏறி ஓரிரு நாளில் தாங்க முடியாத நிலைக்குப் போய்விடுவாள் என்றார். பரிசோதனைகளில் இதயம் தாங்கும், சிறுநீரகம் மீளும் என்று தெரிந்தது. அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். உங்கள் பையனுக்கு நீங்கள் எடுத்த முடிவு வேறு நோய்க்கு, வேறு உடம்புக்கு.

சாம்பல்மூக்கு | இரவு 10.20

வெயில்மரம், இரண்டு மாதம் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டீர்களே, அதுவும் பெரிய வேலைதான்.

முடிவு எடுக்கத் தெரியாமல் திணறுபவர்களுக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. ஆலிஸ் வில்லலோபாஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் வகுத்தது. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளை விட நல்ல நாள் அதிகமா என்று ஏழு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 10க்கு மதிப்பெண் போட வேண்டும். கூட்டினால் 35க்கு மேல் வந்தால் அந்த வாழ்க்கை தாங்கக்கூடியது என்று எடுத்துக்கொள்ளலாம். டைகருக்குக் கடைசி வருடத்தில் ஞாயிறுதோறும் போட்டேன். ஒரு நாளைப் பார்த்துப் போட்டால் மனசு ஏமாற்றும், நாலு வாரத்தைச் சேர்த்துப் பார்த்தால் உண்மை தெரியும்.

தூங்காதவள் | ஆறாம் நாள், இரவு 8.15

என் தப்பு ஒன்றை எழுத வேண்டும். இரண்டு நாளாகப் பொன்னி பழையபடி ஆகிவிட்டாள். வாலாட்டினாள், முழுக் கிண்ணம் சாப்பிட்டாள். காலையில் நான் குளிக்கப் போன நேரத்தில் சோபாவில் ஏறிப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் குதித்து இறங்கினாள். இப்போது தையலின் கீழ்முனையில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம். மெத்தென்று இருக்கிறது. சிவப்பு இல்லை, சூடு இல்லை, வலிப்பதாகவும் தெரியவில்லை.

ஊசிமருந்து | இரவு 8.30

பொதுவாக ஐந்தாம் ஆறாம் நாளில்தான் இது நடக்கும். நாய் தேறிய அளவுக்குத் தையல் தேறியிருக்காது. மூன்று வாரம் ஆனாலும் அறுத்த தோலுக்குப் பழைய பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் வந்திருக்கும். இப்போது அவளைச் சேர்த்துப் பிடித்திருப்பது நூல்தான்.

வீக்கம் இரண்டு விதமாக இருக்கலாம். தோலுக்கு அடியில் நீர் சேர்ந்திருக்கலாம், நாய் அதிகம் அசைந்தால் வருவது அது, தானாக வற்றும். அல்லது உள்ளே வயிற்றுச் சுவரின் தையல் விட்டுக் குடல் பிதுங்கியிருக்கலாம், அது அவசரம். இரண்டும் பார்வைக்கு மெத்தென்றுதான் இருக்கும். போட்டோவைப் பார்த்து நான் சொல்லக் கூடாது, யாரும் சொல்லக் கூடாது. அமுக்கிப் பார்க்காதீர்கள். இப்போதே போன் செய்யுங்கள். பேனாவால் வீக்கத்தின் எல்லையைச் சுற்றிக் கோடு போட்டுவையுங்கள், கோட்டைத் தாண்டினால் தெரியும்.

தூங்காதவள் | ஆறாம் நாள், இரவு 11.20

போய் வந்துவிட்டோம். டாக்டர் தொட்டுப் பார்த்து, ஸ்கேன் வைத்தும் பார்த்தார். வெறும் நீர்தான், வயிற்றுச் சுவர் கெட்டியாக இருக்கிறது. ஊசி குத்தி எடுத்தால் கிருமி உள்ளே போகும், அப்படியே விடலாம், தானாக உடம்பு உறிஞ்சிக்கொள்ளும் என்றார். போனவுடன் நோட்டைத்தான் கேட்டார், ஆறு நாளையும் புரட்டிப் பார்த்தார்.

சோபா மேல் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். நான் குளிக்கப் போகும்போது சின்ன அறையில் விட்டுக் கதவைச் சாத்துகிறேன்.

மூன்றாம்மாடி | ஏழாம் நாள், காலை 6.50

கவலைப்படாதீர்கள், சுதாரித்துவிட்டீர்கள். சும்மா கிடப்பது அவளுக்கும் கஷ்டம். மூக்குக்கு வேலை கொடுங்கள். பழைய துண்டைச் சுருட்டி, மடிப்புகளுக்குள் அவள் சாப்பாட்டில் நாலு துணுக்கு ஒளித்துவையுங்கள். படுத்தபடியே கால் மணி நேரம் தேடுவாள், அப்புறம் அசந்து தூங்குவாள். அந்த நேரம் மட்டும் கூம்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் இருங்கள்.

தூங்காதவள் | எட்டாம் நாள், அதிகாலை 3.40

புதிதாக ஒன்று. இரண்டு ராத்திரியாக எழுந்து, சுவர் மூலையில் கூம்பை முட்டிக்கொண்டு அப்படியே நிற்கிறாள். பின்னால் வரத் தெரியவில்லை. நான் தொட்டால் திடுக்கிடுகிறாள். இடது கண்ணில் ஏற்கெனவே புரை இருக்கிறது.

சாம்பல்மூக்கு | அதிகாலை 5.15

வயதான நாய்க்கு மூளையும் தளரும். பகலில் தெரியாது, இருட்டினால் கூடும். ஆபரேஷன், மருந்து, இடம்மாற்றம் இவற்றால் கொஞ்சநாள் அதிகமாகத் தெரிவதும் உண்டு. கூம்பு வேறு பக்கப் பார்வையை மறைக்கிறது, காதுக்கு வரும் சத்தத்தையும் திசை மாற்றுகிறது. பின்னாலிருந்து தொடாதீர்கள். முன்னால் வந்து உட்கார்ந்து, தரையை இரண்டு தட்டுத் தட்டுங்கள், அதிர்வு அவள் பாதத்துக்குத் தெரியும். அப்புறம் உங்கள் கையை மூக்குக்கு நீட்டுங்கள்.

படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு ராத்திரி முழுக்க எரியட்டும். மூலைகளைத் தலையணை வைத்து அடைத்துவிடுங்கள். சாமான்களை இடம் மாற்றாதீர்கள். மாத்திரை எல்லாம் நின்று இரண்டு வாரம் ஆன பிறகும் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் மருந்து இருக்கிறது.

வெயில்மரம் | காலை 8.30

கூம்புக்குப் பதில் உடம்பைச் சுற்றிப் போடும் சட்டை போட்டுப் பார்க்கலாமே? கண் தெரியாதவளுக்குக் கூம்பு சித்திரவதை.

ஊசிமருந்து | காலை 9.10

பொன்னி மாதிரிக் கண் மங்கியவளுக்கு நல்ல யோசனைதான். வயிற்றுத் தையலைச் சட்டை முழுதாக மூடும். ஆனால் சட்டையோடு சேர்த்து நக்கும் நாய்களும் உண்டு. ஈரத் துணி காயத்தின் மேல் ஒட்டிக்கிடந்தால் கூம்பில்லாததை விட மோசம். முதல் நாள் பகலில் போட்டு, கண் எடுக்காமல் பாருங்கள். நக்காவிட்டால் ராத்திரிக்கும் போடலாம். பெண் நாய் உட்கார்ந்து சிறுநீர் போகும்போது பின்பக்கம் நனையும், ஒவ்வொரு முறையும் அவிழ்த்துவிட்டுக் கூட்டிப் போங்கள். மாற்றுச் சட்டை இரண்டாவது வேண்டும்.

காற்றடைத்த கழுத்து வளையத்தை மட்டும் இவளுக்கு நம்பாதீர்கள். மூக்கு நீளமான நாய்க்கு அதைத் தாண்டி வயிறு எட்டும்.

தூங்காதவள் | ஒன்பதாம் நாள், இரவு 10.00

சட்டை போட்டேன். நக்கவில்லை. சின்ன விளக்கும் வைத்தேன். நேற்று இரவு ஒரு முறைதான் எழுந்தாள், மூலைக்குப் போகவில்லை. வீக்கம் பேனாக் கோட்டுக்குள் பாதியாகிவிட்டது. மூச்சு 19.

வேறு யாருக்காவது உதவும் என்று இதையும் எழுதுகிறேன். பொன்னி பருவத்துக்கு வந்துபோய் ஆறு வாரம் இருக்கும். அப்புறம் தண்ணீராகக் குடித்தாள். இரவில் இரண்டு முறை வெளியே போகக் கேட்டாள். ஓரிடத்தில் காட்டினேன், வயசானால் அப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நானும் நம்பிவிட்டேன். நாலு நாள் போனது.

ஊசிமருந்து | இரவு 10.35

இதை எழுதியதற்கு நன்றி. நாய்க்கு மாதவிடாய் நின்றுபோவது கிடையாது, 12 வயதிலும் பருவம் வரும். கருத்தடை செய்யாத பெண் நாய்க்குப் பருவம் முடிந்து இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள் தாகம் அதிகமானால் முதலில் கருப்பையைத்தான் பார்க்க வேண்டும். சீழில் வளரும் கிருமியின் விஷம் சிறுநீரகத்தை நீரைப் பிடித்துவைக்க விடாது, அதனால்தான் அவ்வளவு சிறுநீர், அவ்வளவு தாகம். சீழ் வெளியே வடிந்தால் வீட்டில் கவனித்துவிடுவார்கள். கருப்பை வாய் மூடியிருந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது, அதுதான் இன்னும் ஆபத்து. சந்தேகம் வந்தால் ஒரு நாள் தண்ணீரை அளந்து வையுங்கள். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், பொன்னி எடைக்கு 2 லிட்டருக்கு மேல் போனால் அது வயசு இல்லை.

தூங்காதவள் | பன்னிரண்டாம் நாள், மாலை 5.20

தையல் பிரித்தாகிவிட்டது. மேசை மேல் படுக்கவைத்ததும் முன்னங்காலால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு நூலாக வெட்டும்போதும் அந்தப் பிடி கொஞ்சம் இறுகியது, தளர்ந்தது. கத்தவில்லை. காயம் ஒரு மெல்லிய இளஞ்சிவப்புக் கோடாக இருக்கிறது, இரண்டு பக்கமும் முள் முள்ளாக முடி முளைக்கத் தொடங்கிவிட்டது. சிறுநீரகத்துக்கு ரத்தம் எடுத்திருக்கிறார்கள், நாளை தெரியும்.

இன்று இரவு சட்டையைக் கழற்றிவிடலாமா?

ஊசிமருந்து | மாலை 5.45

இன்றும் நாளையும் இருக்கட்டும். நூல் இருந்த துளைகள் அரிக்கும், முடி முளைப்பதும் அரிக்கும், ராத்திரியில் ஒரே இடத்தை நக்கி நக்கிப் புண்ணாக்கிவிடுவாள். குளிப்பாட்ட இன்னும் சில நாள் பொறுங்கள். நடையைப் பத்து நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்குக் கொஞ்சம் கூட்டுங்கள். சோபா இன்னும் இரண்டு வாரத்துக்கு வேண்டாம்.

சாம்பல்மூக்கு | மாலை 6.10

நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். மூச்சை மட்டும் வாரத்துக்கு ஒரு முறை எண்ணி எழுதுங்கள்.

தூங்காதவள் | பன்னிரண்டாம் நாள், இரவு 9.50

சட்டை மாட்டிவிட்டேன். நாற்காலிகள் சோபா மேல்தான் இருக்கின்றன. இப்போதுதான் எண்ணினேன், 18. நானும் படுக்கப் போகிறேன்.